பேதுருவின் மறுதலிப்பு: நற்செய்தி நூல்களில் ஒரு சீடரின் வீழ்ச்சியும் மீட்சியும்

முன்னுரை

ஒரு சமயத்தின் தோற்றத்தைக் கூறும் நூல்கள் அதன் முதல் தலைவர்களைக் குறையற்றவர்களாகக் காட்ட முனைவது இயல்பு. புதிய ஏற்பாட்டின் நான்கு நற்செய்தி நூல்களோ, இயேசுவின் சீடருள் முதன்மையானவராகிய பேதுரு தம் குருவைத் தமக்குத் தெரியாது என மும்முறை மறுத்த நிகழ்ச்சியை மறைக்காமல் பதிவு செய்துள்ளன. தமிழ்க் கத்தோலிக்க மரபில் இராயப்பர் எனவும் வழங்கப்பெறும் இவர், கலிலேயாக் கடலில் மீன் பிடித்து வாழ்ந்தவர், இயற்பெயர் சீமோன். பாறை எனப் பொருள்படும் 'கேபா' என்னும் அரமேயப் பெயரை இயேசு இவருக்குச் சூட்டினார். அதன் கிரேக்க வடிவமே பேதுரு. பாறை எனப் பெயர் பெற்றவர் தளர்ந்த கதையைத் தொடக்காலத் திருச்சபை ஏன் பேணிக் காத்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு நூல்களும் ஒரு நிகழ்ச்சியும்

நான்கனுள் காலத்தால் முந்தியது மாற்கு என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. அது ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டி எழுந்தது. மாற்கு இரு விசாரணைகளை அடுத்தடுத்து வைக்கிறார். தலைமைக் குருவின் முன் இயேசு தாம் யார் என்பதை ஒளிக்காமல் கூறுகிறார். கீழே முற்றத்தில் ஒரு பணிப்பெண்ணின் வினாவுக்கே பேதுரு அஞ்சி மறுக்கிறார். சேவல் இரண்டாம் முறை கூவியதும் குருவின் முன்னறிவிப்பு நினைவுக்கு வர, அவர் அழுகிறார் (14:66-72).

மத்தேயு இதனைப் பெரிதும் பின்பற்றி, இரண்டாம் மறுப்பிலேயே ஆணையிடுதலைச் சேர்க்கிறார். லூக்காவில் இயேசு திரும்பிப் பேதுருவை நோக்குகிறார். சீடரின் நம்பிக்கை அற்றுப்போகாதிருக்கத் தாம் வேண்டிக்கொண்டதாகவும் முன்னரே அறிவித்திருக்கிறார். யோவானில் அழுகை இல்லை. பேதுரு குளிர் காய்ந்த கரி நெருப்பே முதன்மை பெறுகிறது. இவ்வேறுபாடுகளுக்கு இடையிலும், முதல் வினாவை எழுப்பிய பணிப்பெண், மூன்று மறுப்புகள், சேவலின் கூவல் ஆகியவை நான்கிலும் மாறாமல் நிற்கின்றன.

வரலாற்று நம்பகம்

ஒரு சமூகம் தனக்கே சங்கடம் தரும் செய்தியைக் கற்பித்துக்கொள்வது அரிது. ஆகவே அத்தகைய செய்தி பழைய நினைவாக இருத்தல் கூடும் என்பது நற்செய்தி ஆய்வில் வழங்கும் அளவுகோல்களுள் ஒன்று. எருசலேம் தலைவர்களைக் குறைத்துக் காட்டவே மாற்கு இதனை எழுதினார் என்பாரும் உளர். ஆயின், விண்ணரசின் திறவுகோல்களைப் பேதுருவுக்கு அளித்துப் போற்றும் மத்தேயுவும் இந்நிகழ்ச்சியை விலக்கவில்லை. எதிர்ப்புணர்வு மட்டுமே இதற்குக் காரணம் எனின், அவர் இதனை நீக்கியிருக்கலாம்.

நற்செய்தி நூல்களுக்கு முன்னரே, கி.பி. 50களை ஒட்டி எழுதப்பெற்ற கலாத்தியர் திருமுகமும் ஈண்டு நோக்கத்தக்கது. புற இனத்தாருடன் உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார் எனவும், அந்தியோக்கியாவில் தாம் அவரை நேருக்கு நேர் கண்டித்ததாகவும் பவுல் அதில் கூறுகிறார். மறுதலிப்பைப் பவுல் குறிக்கவில்லை. எனினும் பிறர்முன் தளரும் ஒருவரின் இயல்பு அவர் கூற்றிலும் புலப்படுகிறது.

மறுதலித்தவருக்கு இடம் உண்டா?

மனிதர்முன் தம்மை மறுதலிப்பவரைத் தாமும் தந்தையின்முன் மறுதலிப்பதாக இயேசு எச்சரித்தார் என மத்தேயு எழுதுகிறார் (10:33). பேதுருவின் செயலைக் கூறும்போதும் அவர் அதே கிரேக்க வினைச்சொல்லையே ஆள்கிறார். எச்சரிக்கையை அப்படியே கொண்டால் பேதுருவுக்கு மீட்சியே இல்லை. ஒரே நூல் இரண்டையும் அருகருகே தாங்கி நிற்பது, படிப்போர்முன் தீராத வினா ஒன்றை வைக்கிறது.

இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. கி.பி. 112ஐ ஒட்டிப் பித்தினியா-பொந்து மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில் தம் விசாரணை முறையை விளக்குகிறார். கிறித்தவர் என ஒப்புக்கொண்டோரை மரண அச்சுறுத்தலுடன் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வினவினார். உறுதியாக நின்றவர்களைத் தண்டனைக்கு அனுப்பினார். மறுத்துத் தெய்வங்களை வணங்கிக் கிறித்துவைச் சபித்தவர்களை விடுவித்தார். மாற்கிலும் மூன்றாம் மறுப்பில் பேதுரு சபிக்கவும் ஆணையிடவும் தொடங்குகிறார்; யாரைச் சபித்தார் என்பது சொல்லப்படவில்லை. மாற்கு இம்மடலுக்கு முந்தியது. ஆதலின் ஒன்று மற்றொன்றின் மூலம் அன்று. ஆயின், பிளினி காலத்து வாசகர் முற்றத்துக் காட்சியில் தம் நீதிமன்றத்தையே கண்டிருப்பர் எனலாம்.

கி.பி. 250இல் பேரரசர் தேசியு அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட ஆணை பிறப்பித்தபோது திரளான கிறித்தவர்கள் பணிந்தனர். பலியிட்டதற்கான சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தியப் பாப்பிரசு ஏடுகளில் கிடைத்துள்ளன. அடுத்த ஆண்டு, வீழ்ந்தோரை மீண்டும் ஏற்பதா என்னும் பூசல் மூண்டது. உரோமையில் நொவாசியான் ஏற்க மறுத்துத் தனிச்சபை கண்டார். கார்த்தேசு ஆயர் சிப்பிரியானோ, தக்க தவத்திற்குப்பின் ஏற்கலாம் என்னும் நிலைப்பாட்டை ஆதரித்தார்.

மீட்சியின் தன்மை

நற்செய்திகள் தரும் விடை எளிய மன்னிப்பு அன்று. மாற்கில் கல்லறையிலிருந்த இளைஞர், சீடருக்கும் பேதுருவுக்கும் செய்தி சொல்லுமாறு பெண்களைப் பணிக்கிறார் (16:7). வீழ்ந்தவர் பெயர் தனியே விளிக்கப்படுகிறது. யோவான் 21ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் மீண்டும் கரி நெருப்பு. புதிய ஏற்பாட்டில் அதற்குரிய கிரேக்கச் சொல் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று மறுப்புகளுக்கு ஈடாக, அன்பு செய்கிறாயா என்னும் வினா மும்முறை எழுகிறது. மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்துகிறார். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் மந்தையைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் மாளும் விதமும் அங்கேயே குறிப்பாக உணர்த்தப்படுகிறது.

முடிவுரை

நெருக்கடியில் நெறி தவறியவர்களைத் தன்னுள் கொண்டிருந்த ஒரு சமூகம், தன் தலைவரின் தவற்றை மறைத்திருந்தால் அவர்களுக்குக் கூறும் மறுமொழி அதனிடம் இருந்திராது. எச்சரிக்கையை அழித்திருந்தால் உறுதியாய் நின்று மடிந்தவர்களுக்கு மதிப்பு இருந்திராது. நற்செய்தியாசிரியர்கள் இரண்டையும் காத்தனர். நம்பிக்கை என்பது வீழாமை மட்டுமன்று, வீழ்ந்த இடத்திலேயே மீண்டும் வினவப்படுவதற்கு உடன்படுதலும் ஆகும் என்பதே இப்பனுவல்கள்வழி பெறப்படும் கருத்தாகும்.