இரும்பு, குரோமியம், இரும்பு

2007-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் இருவருக்கும் சரிபாதியாகக் கிடைத்தது. முன்னவர் பிரெஞ்சுக்காரர், பின்னவர் ஜெர்மானியர். நானோமீட்டர் கனமே உள்ள காந்தப் படலங்களின் மின்தடை, காந்தப்புலத்தில் வைத்ததும் சரேலென்று இறங்குவதை இருவரும் தனித்தனியாகக் கண்டார்கள். பெரும் காந்தத்தடை என்று அதற்குப் பெயர். பரிசு சரிபாதி என்றாலும் இருவரும் வந்த வழி வேறு.

ஃபெர்ட் மின்தடை ஆய்விலிருந்து வந்தவர். இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களில் எலெக்ட்ரானின் தற்சுழற்சி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஓட்டம் எளிதாகிறது அல்லது திணறுகிறது. 1970-இல் முடித்த முனைவர் ஆய்விலேயே அவர் இதை அலசிவிட்டார். அடுத்தடுத்த படலங்களின் காந்தத்திசை ஒன்றாக இருந்தால் ஒருவகை எலெக்ட்ரான்கள் தடங்கலின்றி ஓடும்; எதிரெதிராக இருந்தால் இருவகையும் எங்கேயாவது முட்டிக்கொள்ளும்.

ஆனால் படலங்களை எதிரெதிராக நிறுத்துவது எப்படி? அதற்கு விடை குரூன்பெர்க்கிடம் இருந்தது. யூலிஷ் ஆய்வு மையத்தில் ஒளிச்சிதறலைக் கொண்டு மெல்லிய படலங்களை ஆராய்ந்துவந்த அவர், இரண்டு இரும்புப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய குரோமியத்தை வைத்தால் அவை தாமாகவே எதிரெதிர்த் திசையில் காந்தமாகின்றன என்று 1986-இல் காட்டினார். ஃபெர்ட் குழுவும் அதே இரும்பு–குரோமியக் கூட்டைத்தான் கையில் எடுத்தது.

முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபெர்ட் குழு இரும்பையும் குரோமியத்தையும் மாற்றி மாற்றிப் பல பத்து அடுக்குகள் போட்டது. குரோமியத்தின் கனம் 0.9 நானோமீட்டர். மின்தடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அது திரவ ஹீலியத்தின் குளிரில், மைனஸ் 269 டிகிரியில், வலுவான காந்தப்புலத்தில். குரூன்பெர்க்கிடம் இருந்தவை மூன்றே படலங்கள். சாதாரண அறை வெப்பநிலையில் கிடைத்த மாற்றம் வெறும் 1.5 சதவீதம். ஆய்வுலகம் பாதியைப் பார்த்து வியந்தது, அதில் தவறில்லை. ஆனால் இந்த விளைவைக் கொண்டு தரவைப் படிக்கும் ஹார்ட் டிஸ்க்கை யாரும் ஹீலியத்தில் முக்கி வைத்துப் பயன்படுத்தப்போவதில்லை. பயன் எங்கே இருக்கிறது என்பதைக் குரூன்பெர்க் உடனே மோப்பம் பிடித்தார் என்றே நினைக்கிறேன்: 1989-இல் கட்டுரை அச்சாகுமுன், 1988-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டது. பின்னால் அது யூலிஷ் மையத்துக்குக் கணிசமான உரிமத் தொகையை ஈட்டித் தந்தது.

விளைவு ஏன் நிகழ்கிறது என்ற விளக்கத்தில் ஃபெர்ட்டின் கை ஓங்கியிருக்கிறது. கருவியாக்கும் எளிமையில் குரூன்பெர்க்கின் கை. ஆனாலும் கடைக்கு வந்த சரக்கு இருவருடையதும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டூவர்ட் பார்க்கின், தொழிற்சாலைக்கு ஒத்துவரும் மலிவான முறையில் ஏராளமான உலோகக் கூட்டுகளைப் படலமாக்கிச் சோதித்தார். 1997-இல் இந்த விளைவால் இயங்கும் படிப்புமுனையோடு ஐ.பி.எம்.மின் ஹார்ட் டிஸ்க் சந்தைக்கு வந்தது. நோபல் பரிசை மூவர் வரை பகிரலாம். 2007-இல் அந்த மூன்றாவது இடம் காலியாகவே இருந்தது. அது பார்க்கினுக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு 2014-இல் அவருக்கு வழங்கப்பட்டது.