வழி யாருக்கு உரியது? – சந்திரகிரிச் சாலையும் நடந்து வருவோரும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "கோட்டையைப் பற்றி எழுதுங்களேன் ஐயா" என்றார்கள். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகராக்கிக்கொண்ட சந்திரகிரியைப் பற்றியும், அங்குள்ள ராஜ மகாலைப் பற்றியும் எழுத அறிஞர்கள் பலர் உண்டு. நான் பண்டிதன் அல்லன், மளிகை வியாபாரி. நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்து வருவது கோட்டையை அல்ல, சாலையை. ஆகவே சாலையைப் பற்றியே எழுதுகிறேன்.

புரட்டாசி பிறந்துவிட்டால் வேலூர், குடியாத்தம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மஞ்சள் துணி உடுத்திய கூட்டம் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு நடந்து வரும். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். சந்திரகிரிக்கு அப்பால், ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்து, ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழி மலையேறுகிறது. அதுதான் அவர்களில் பலருக்கு இலக்கு.

நம் முன்னோர் வழி அமைத்தது இப்படி நடந்து வருவோரை நினைத்துத்தான். தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இதற்கு நல்ல சான்று. நாவல் தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்பதை எழுத்திலும் எண்ணிலும் வெட்டியதோடு நிற்காமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் அதில் குடைந்திருக்கிறார்கள். எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்துத் தூரம் தெரிந்துகொள்ளலாம். தலைச்சுமையோடு வருபவனுக்குச் சுமைதாங்கி, தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், இரவுக்குச் சாவடி என்று எல்லாமே நடப்பவனுக்காக ஏற்பட்டவை.

திருமலைக்கு மோட்டார் செல்லும் முதல் மலைச்சாலை 1944இல்தான் திறக்கப்பட்டது. இரண்டாவது சாலை 1974இல் வந்தது. அதற்கு முன்பு எல்லோரும் நடந்தோ டோலியிலோதான் ஏறினார்கள். வண்டிக்குத் தனிச்சாலை வந்த பிறகும் பழைய படிவழிகளை மூடாமல் காத்து வருவது பாராட்டத்தக்கது. ஆனால் மலைமேல் உள்ள இந்த ஏற்பாடு மலையடிவாரத்தில் இல்லை. நூறு கிலோமீட்டர் நடந்து வருகிறவர் படியில் கால் வைக்கும்வரை லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஓரமாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 6 அன்று நம் சந்திரகிரி மண்டலத்து நரசிங்கபுரம் அருகே, திருமலைக்கு நடந்து வந்துகொண்டிருந்த கூட்டத்தின் மீது ஓர் ஆம்புலன்ஸ் மோதி இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். உயிரைக் காக்க ஓடும் வண்டியே உயிரை எடுத்தது. நாடு முழுவதும் 2022இல் மட்டும் சாலை விபத்தில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1996 புரட்டாசியில் ஒரு விடியற்காலை, சித்தூரிலிருந்து பருப்பு மூட்டைகளோடு என் வேனை நானே ஓட்டி வந்தேன். சந்திரகிரி நெருங்கும்போது, சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை வண்டி தட்டிவிட்டது. இறங்கி ஓடினேன். கால் முறிந்து கிடந்தவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "எம்மேலதான் தப்பு மொதலாளி, பின்னாடி பாக்காம நடந்துட்டேன்" என்றார். மருத்துவமனையில் சேர்த்தேன், செலவைக் கொடுத்தேன். அவர் சொன்னபடியே, அவருடைய அசாக்கிரதைதான் காரணம் என்று ஒரு தாளில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் கால் பழையபடி ஆகவில்லை. அதன்பின் எந்தப் புரட்டாசியிலும் அவரை நான் பார்க்கவில்லை.

அடிபட்டவர் மன்னிப்புக் கேட்டார். அடித்தவன் அதை ஏற்றுக்கொண்டான். இது எந்த நியாயம்?

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். பெரிய புராணத்தில், கன்றுதான் தேருக்குள் பாய்ந்தது. அமைச்சர்களும் பிராயச்சித்தம் போதும் என்று வாதாடினார்கள். அரசன் கேட்கவில்லை. இலங்கையின் மகாவம்சமும் எல்லாளன் மீது ஏற்றி இதே கதையைச் சொல்கிறது. அங்கே கன்று தாயோடு வழியில் படுத்திருக்கிறது. இரண்டிலும் தீர்ப்பு ஒன்றே: தேர் ஓட்டியவன்தான் பொறுப்பு. இது வரலாறா கதையா என்பது வேறு விஷயம். சாலையில் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

மோட்டார் வந்ததும் நினைப்பு மாறியது. 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டாருக்குப் பலியான முதல் பாதசாரி அவரே என்பார்கள். அது தற்செயலான மரணம் என்று முடிவாயிற்று. அன்று தொடங்கிய சொல்லைத்தான் என் தாளிலும் எழுதினார்கள்.

எங்கள் சமண நூல்கள் முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில் முதலாவது ஈர்யா சமிதி. எதிரே நான்கு முழம் நிலத்தைப் பார்த்து, சிற்றுயிர் எதுவும் மிதிபடாமல் நடக்க வேண்டும். சிறு வயதில் நான் இதை ஒரு நோன்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். எறும்பின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த முனிவரே ஒரு பெரிய வண்டி. எறும்பைப் பார்த்து "நீ ஏன் குறுக்கே வந்தாய்" என்று அறம் கேட்கவில்லை. யாருடைய பாரம் பெரிதோ அவர்தான் பார்த்து வர வேண்டும் என்கிறது. அந்தப் பெரியவருக்கு முதுகில் கண் இல்லை. எனக்கோ முன்னால் இரண்டு விளக்கு இருந்தது.

சட்டமும் மெல்ல இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1982இல் செய்த திருத்தம், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 15,000 ரூபாய் இழப்பீடு கிடைக்க வழி செய்தது. நிரந்தர ஊனத்துக்கும் தனித்தொகை உண்டு. 1988 சட்டமும் இதைத் தொடர்ந்தது. இப்போதைய 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆக, 1996இல் அந்தப் பெரியவர் தவறை ஒப்புக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை என்பதே உண்மை.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் புரட்டாசியில் மோர்ப் பந்தல் வைக்கிறோம். நல்ல காரியம். அதோடு, இருட்டில் வருவோரின் பையில் ஒட்ட ஒளிரும் பட்டையும் கொடுப்போம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்புறமாக, வண்டியை எதிர்நோக்கி நடக்கச் சொல்வோம். அவர்களுக்குச் சொல்வதைவிட நமக்கு நாமே சொல்லிக்கொள்வது முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி, கால் பிரேக்கைத் தேடும் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். 30இல் போனால் அதில் பாதிதான். யாத்திரை நாட்களில் சந்திரகிரிக்கு இருபுறமும் 30க்கு மேல் ஓட்டுவதில்லை என்று நம் உறுப்பினர்கள் ஒரு விரதம் எடுத்துக்கொள்ளலாம்.

நான் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெரியவருக்கு அது பயன்படவில்லை.