ரங்கூன் கடிதங்கள்

சென்ற ஆண்டு, விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரில் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தகரப் பெட்டியொன்றைத் திறந்து, "ஹஜ்ரத், பாட்டனார் காலத்து ஓதல் தாள்கள், கிழிந்துவிட்டன. வேம்பாற்றுக் கடலில் விட்டுவிடலாமா?" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். ஓதல் அன்று, ரங்கூனிலிருந்து பாட்டியாருக்கு எழுதப்பெற்ற கடிதங்கள்! எழுத்து அரபி, மொழி தமிழ். கடை வாடகை, அனுப்பிய ரூபாய், மகனின் கத்னாவுக்கு வர இயலாத வருத்தம் எல்லாம் இருந்தன. மக்தபில் குர்ஆன் ஓதிய நம் பெண்டிர் பலர் அறிந்திருந்த எழுத்து அதுவே; ஆதலின் கணவன்மார் அரபுத் தமிழில் எழுதினர்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் அந்நகர்மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அரக்கான், மணிப்பூர் வழிகளில் நடந்தவர்களுள் மடிந்தோர் பல்லாயிரவர். அவர்தம் கடைகளும் கணக்கேடுகளும் அங்கேயே போயின. எஞ்சியவை ஊருக்கு வந்த கடிதங்களே. அவற்றையும் புனித எழுத்தென மதித்து, படியாமலே கடலில் விடுகிறோம்!

அரபுத் தமிழ் படிக்கவல்லோர் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே படிக்கச் செய்து, தமிழ் எழுத்தில் பெயர்த்து வையுங்கள். கடலில் விடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குளத்தூர் அன்பர் பெட்டியை மூடவில்லை. பாட்டியாரின் பெயர் வரும் வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.