புதுச்சேரியின் நிதிப் பற்றாக்குறை: கடன் பெறும் உரிமையின் வரலாறு

முன்னுரை

அரசின் அன்றாடச் செலவுக்கு நடப்பு வருவாய் போதாத நிலை வருவாய்ப் பற்றாக்குறை எனப்படும். கடன் நீங்கலான மொத்த வரவைக் காட்டிலும் மொத்தச் செலவு மிகுந்திருப்பது நிதிப் பற்றாக்குறை ஆகும். இவற்றின் அளவே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. அந்த இடைவெளியை நிரப்பும் உரிமை எவரிடம் உள்ளது என்பதும் அதே அளவு முதன்மையான வினாவாகும். புதுச்சேரி அரசு முதல் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாறு வரை இவ்வினா எவ்வாறு நீள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

1815 மார்ச் 7ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சிந்தியாவின் உப்பை வாங்கும் தனியுரிமையைப் பெற்ற ஆங்கிலேயர், ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் வழங்க ஒப்புக்கொண்டனர். இது குடிமக்களிடம் வரியாகத் திரட்டப்படாத வருவாய். 1880 மார்ச் 12 ஆணை, வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட கொம்யூன்களுக்கு நகரமன்றங்களை அளித்தது. 1900 ஏப்ரல் 13 சட்டமோ, குடியேற்றங்கள் தம் நிர்வாகச் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்றது. பற்றாக்குறையைப் பாரிசிடம் ஒப்படைக்கும் வழி இதனால் குறுகியது.

இந்திய ஒன்றியத்தில்

1954 நவம்பர் 1இல் ஆட்சி மாற்றமும் 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் நிகழ்ந்தன. 1963ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமன்றத்தையும் தொகுப்பு நிதியத்தையும் உருவாக்கியது. எனினும் பொதுக்கணக்கு நடுவண் அரசின் கணக்கோடு இணைந்தே இருந்ததால், வரவு செலவு இடைவெளியை நடுவண் அரசின் மானியமும் கடனுமே நிரப்பின. மாநிலமாக இல்லாமையால், மாநிலங்களுக்கான நிதிக்குழுப் பங்கீட்டிலும் புதுச்சேரிக்கு இடமில்லை.

2007 டிசம்பர் 17இல் ரிசர்வ் வங்கியில் தனிப் பொதுக்கணக்கு தொடங்கப்பட்டது. அதன்பின் நடுவண் அரசின் இசைவோடு வெளிச்சந்தையில் கடன் திரட்டும் வழி திறந்தது. உரிமையோடு சுமையும் வந்தது. சந்தைக் கடனுக்கு வட்டி உண்டு. நேற்றைய பற்றாக்குறை இன்றைய செலவாக மாறும். பாலம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கான கடன் பயனளிக்கும் உடைமையாக நிற்கும். ஊதியத்திற்கும் வட்டிக்கும் வாங்கிய கடனுக்கு அத்தகைய எச்சம் இராது.

கொம்யூன் நிலையில்

கொம்யூன் பஞ்சாயத்து தன் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டுச் சந்தையை நாடுவதில்லை. சொந்த வரியும் அரசின் மானியமுமே அதன் கைப்பொருள். மானியம் தாழ்ந்தால் பணி தள்ளிவைக்கப்படும். வரவு செலவுக் கணக்கு சமமாகவே தோன்றும். உறுவையாறு போன்ற ஊரில் செப்பனிடப்படாத தெருவும் தூர்வாரப்படாத வாய்க்காலும் இருக்குமாயின், அவையே ஏட்டில் ஏறாத பற்றாக்குறை ஆகும்.

இதனைச் சுட்டிக்காட்ட வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடைபெற்றது. அம்மன்றங்களின் காலம் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை.

முடிவுரை

கடன் பெறும் உரிமை உள்ள அரசின் பற்றாக்குறை எண்ணாகப் பதிவாகிறது; அவ்வுரிமை இல்லாத உள்ளாட்சியில் அது நிறைவேறாத பணியாகத் தங்குகிறது. ஆகவே பற்றாக்குறை குறைந்துள்ளது என்னும் அறிவிப்பைச் செலவு சிக்கனத்தின் சான்றாக மட்டும் கொள்ளலாகாது. அது எந்த நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.