ஒரு கேடயமும் இரு கவிஞர்களும்



சில ஆண்டுகளுக்கு முன் கனடாவின் ரொறன்ரோ நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் வாழ்ந்தார். ஒருநாள் மாலை அவருடைய சமையலறை மேசையில் ஒரு படிவத்தைக் கண்டேன். வெறுமையான கேடயம் ஒன்றின் கோட்டுருவம் அதிலே அச்சிடப்பட்டிருந்தது. பக்கத்திலே பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வண்ணப் பேனாக்கள். “பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடமா?” என்று கேட்டேன். “இல்லை, என்னுடைய இலச்சினை. பதிவுக்கு அனுப்பப்போகிறேன்” என்றார். அன்று தொடங்கிய பேச்சு என்னைச் சோசரிடமும் ஷேக்ஸ்பியரிடமும் கொண்டுபோய் விட்டது. அந்த வழியிலே இன்று உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1966ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவின் பேர்க்லி நகரில், பின்னாளில் நாவலாசிரியையாகப் பெயர்பெற்ற டயானா பாக்ஸன் என்பவரின் வீட்டுப் பின்முற்றத்திலே ஒரு விருந்து நடந்தது. நண்பர்கள் மத்தியகால ஐரோப்பிய உடையணிந்து வந்து, வாளும் கேடயமுமாகப் பொருதி விளையாடினார்கள். அந்த விளையாட்டே வளர்ந்து ஒரு சங்கமாயிற்று. ‘ஆக்கபூர்வக் காலமுரண் சங்கம்’ என்று அதன் பெயரைத் தமிழிலே சொல்லலாம். இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் 1600ஆம் ஆண்டுக்கு முந்திய உலகுக்குப் பொருந்துமாறு ஒரு பெயரைச் சூடிக்கொள்கிறார். கேடயத்திலே தீட்டத் தமக்கென ஒரு சின்னத்தையும் வகுத்துக்கொள்கிறார். என் அயலவரும் அத்தகைய உறுப்பினர்களில் ஒருவர்.

இந்தச் சின்னங்களைச் சரிபார்த்துப் பதிவதற்கென்று அங்கே ஓர் அலுவலர் குழு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹெரல்ட்’ என்பார்கள். நமது நாட்டுக்கூத்திலே அரசன் வருமுன் களரியிலே தோன்றி வரவு கூறும் கட்டியக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெரல்டின் ஆதித் தொழிலும் அதுவே. தலையும் முகமும் இரும்பால் மூடிய வீரர்கள் களத்திலே இறங்கும்போது இவர் இன்னார் என்று சபைக்கு உரைப்பவர் அவர். அதற்கு அவருக்கு உதவியது கேடயத்துச் சின்னம். சோசரின் ‘கன்ரர்பரிக் கதைகள்’ நூலில் வீரன் சொல்லும் கதையை நினைத்துப்பாருங்கள். பிணக்குவியலுக்கிடையே குற்றுயிராய்க் கிடந்த பலமன், ஆர்சைட் என்ற இரு இளைஞரையும் அரச குலத்தினர் என்று கட்டியக்காரர்கள் அறிந்தது, அவர்கள் மேலங்கியிலே இருந்த சின்னத்தைக் கொண்டுதான்.

என் அயலவர் முதலில் நீல நிலத்திலே சிவப்புச் சக்கரம் ஒன்றை வரைந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டியவருக்குச் சக்கரம் பொருத்தந்தானே! ஆனால் அவருடைய கிளையின் கட்டியக்காரர், ஒரு வயோதிபப் பெண்மணி, பார்த்ததும் தலையசைத்துவிட்டாராம். மத்தியகாலக் கேடயக் கலையிலே பொன்னும் வெள்ளியும் ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை ‘வண்ணங்கள்’. வண்ணத்தின்மேல் வண்ணமும் உலோகத்தின்மேல் உலோகமும் வரலாகாது என்பது விதி. காரணம் எளிது. புழுதியும் ஆரவாரமும் நிறைந்த களத்திலே நீலத்தின்மேற் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, பொன்னாயின் தெரியும். ஜெருசலேம் அரசின் சின்னமோ வெள்ளிமேற் பொற்சிலுவையாய் இவ்விதியை மீறி நின்றது. பார்ப்பவன் காரணம் கேட்கவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள் என்று பிற்காலத்தவர் விளக்கம் கூறினர்.

சரி, சக்கரத்தைப் பொன்னாக்கினால்? அங்கே இரண்டாவது தடை வந்தது. இத்தனை எளிய வடிவத்தை யாராவது முன்பே பதிந்திருக்கக்கூடும். ஏற்கெனவே பதிந்த ஒவ்வொரு சின்னத்திலிருந்தும் குறைந்தது இரண்டு தெளிவான வேறுபாடுகளாவது புதிய சின்னத்துக்கு இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் பொதுவிதி. எனவே நிலத்தைப் பச்சையாக்கினார்கள். அது ஒரு வேறுபாடு. கேடயத்தின் மேற்புறத்தில் வெள்ளிப் பட்டை ஒன்றைச் சேர்த்தார்கள், அது மற்றொன்று. பட்டையிலே மூன்று கறுப்புத் தகைவிலான் குருவிகள். கேடயக் கலையின் தகைவிலானுக்குக் கால்கள் இல்லை. அது தரையிலே இறங்காத பறவை. பிற்கால ஆங்கில வழக்கில் அது நான்காம் மகனுக்குரிய அடையாளம். காணி நிலம் கிடைக்காமல் சிறகை நம்பிப் புறப்படவேண்டியவன் அவன் என்று விளக்கம் சொல்வார்கள். “நானும் இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தவன்தானே” என்று சிரித்தார் அயலவர். பொருள்களும் நிறங்களும் அளவுக்கு மிஞ்சக்கூடாது என்றும் ஒரு கணக்கு உண்டு. நான்கு நிறமும் மூன்று பொருளுமாக ஏழு, எல்லை எட்டு. தப்பித்தார்.

வரைந்தால் மட்டும் போதாது. சின்னத்தைச் சொற்களிலும் எழுதவேண்டும். என்னைக் கவர்ந்தது அதுதான். பழைய நோர்மன் பிரெஞ்சிலிருந்து வந்த கலைச்சொற்களால், முதலில் நிலம், அடுத்து நடுப்பொருள், பிறகு பட்டை, பட்டையின்மேல் உள்ளவை என்ற ஒழுங்கிலே ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தைப் படித்து எந்த ஓவியனும் சின்னத்தை மீண்டும் தீட்டிவிடலாம். சித்திரம் ஓவியனுக்கு ஓவியன் சற்று மாறலாம், சொல் மாறாது. படிவம் கிளையிலிருந்து மேற்சபைக்குப் போகிறது. பல நாட்டுக் கட்டியக்காரர்களும் அதைக் குறித்துத் தம் கருத்தை எழுதுகிறார்கள். முடிவுக்கு மாதக்கணக்காகும். நிராகரித்தால் காரணத்தையும் எழுதி வெளியிடுகிறார்கள்.

விளையாட்டுக்கு இத்தனை சட்டமா என்று எனக்கு அப்போது வியப்பாயிருந்தது. வரலாற்றைப் புரட்டிய பின் வியப்பு நீங்கியது.

1385ஆம் ஆண்டு இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் ஸ்கொட்லாந்தின்மீது படையெடுத்தபோது, நீல நிலத்தில் சரிந்த பொற்பட்டை என்ற ஒரே சின்னத்தை இரு வீரர்கள் தாங்கி நின்றார்கள். ஒருவர் யோர்க்‌ஷயரின் ரிச்சர்ட் ஸ்குரூப்; மற்றவர் செஷயரின் ரொபர்ட் குரோவ்னர். வழக்கு வீரமன்றுக்குப் போயிற்று. நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். அவர்களிலே ஒருவர், 1386 ஒக்ரோபர் 15ஆந் திகதி வெஸ்ட்மின்ஸ்ரர் மடாலயத்தின் உணவு மண்டபத்திலே சாட்சி சொன்ன ஜெப்ரி சோசர். நாற்பதுக்கு மேல் வயது, ஆயுதம் தரித்து இருபத்தேழு ஆண்டு என்று தம்மைப் பற்றிச் சொன்னார். கவிஞரின் வயதை ஒருவாறு மதிப்பிட நமக்குக் கிடைத்த ஆதாரம் இந்தச் சாட்சியமே. இளமையில் பிரான்சிலே போருக்குப் போய்ச் சிறைப்பட்டபோது ஸ்குரூப் குடும்பத்தார் அச்சின்னத்தைத் தாங்கியிருக்கக் கண்டதாக உரைத்தார். பின் ஒரு சிறு கதையும் சொன்னார். லண்டன் பிறைடே வீதியில் நடந்துபோகையில் புதிய பலகை ஒன்று தொங்கக் கண்டாராம். ஸ்குரூப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது என்று ஒருவரிடம் கேட்டாராம். அது ஸ்குரூப்புடையதன்று, குரோவ்னர் என்ற செஷயர் வீரர் தீட்டிவைத்தது என்று பதில் வந்ததாம். குரோவ்னர் என்ற பெயரைத் தாம் கேட்டது அதுவே முதல் தடவை என்று முடித்தார். எதிர்தரப்பின் பழமையைத் தகர்க்க இதைவிட அடக்கமான வாக்கு உண்டா? நெடுங்கதை சொல்ல வல்லவர், மன்றிலே ஒரு வீதிக்காட்சியோடு நிறுத்திக்கொண்டார்.

1389இல் தீர்ப்பு ஸ்குரூப்புக்குச் சாதகமாயிற்று. குரோவ்னர் வெள்ளிக்கரை சேர்த்துத் தாங்கலாம் என்றார்கள். அவர் மேன்முறையிட்டார். அரசன் 1390இல் அந்தச் சலுகையையும் நீக்கினான்: கரை சேர்ப்பது ஒரே குடும்பத்துக் கிளைகளைப் பிரித்துக் காட்டும் வழக்கம்; அந்நியனுக்கு அது போதாது என்பது அவன் கருத்து. குரோவ்னர் குடும்பம் பொற்கதிர்க்கட்டு ஒன்றைச் சின்னமாக ஏற்றது. ஆயினும் மறக்கவில்லை. அவர்கள் வழிவந்த வெஸ்ட்மின்ஸ்ரர் கோமகனின் குதிரை 1880இல் டார்பிப் பந்தயத்தை வென்றது. குதிரையின் பெயர் ‘பெண்ட் ஓர்’. பொற்பட்டை என்பதே அதன் பொருள்! ஐந்நூறு ஆண்டுகளாக ஆறாத புண்.

இனி ஷேக்ஸ்பியர். அவருடைய தந்தை ஜோன், ஸ்ராட்போர்ட்டில் கையுறை தைத்து விற்றவர். நகரத் தலைவராயும் இருந்தவர். சின்னம் கேட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே முயன்று, வாழ்வு நொடித்தபோது கைவிட்டிருந்தார். 1596 ஒக்ரோபர் 20ஆந் திகதி அது கைகூடியது. செலவைச் செய்தவர் மகன் வில்லியமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பொன் நிலம், கறுப்புச் சரிபட்டை, அதன்மேல் வெள்ளிமுனை கொண்ட ஒரு பொன் ஈட்டி. பெயரிலேயே ஈட்டி இருக்கிறதல்லவா? 1602இல் ரால்ப் புரூக் என்ற கட்டியக்காரர், தகுதியற்றோருக்குச் சின்னம் வழங்கியதாகக் குற்றஞ்சாட்டிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அதிலே ஷேக்ஸ்பியரும் இருந்தார். இந்தச் சின்னம் மோலி பிரபுவின் பொன் நிலக் கறுப்புப் பட்டையை ஒத்திருக்கிறது என்ற ஆட்சேபமும் எழுந்தது. பட்டையின்மேல் உள்ள ஈட்டியே போதிய வேறுபாடு என்று மூத்த கட்டியக்காரர்கள் பதிலளித்தார்கள். என் அயலவரின் சமையலறை மேசையிலே நான் கேட்ட வாதமும் இதுதான்!

ஆனால் நேயர்களே, திகதியைச் சற்று உற்றுப் பாருங்கள். சின்னம் தந்தைக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் என்று வழங்கப்பட்டது 1596 ஒக்ரோபரில். கவிஞரின் ஒரே மகன் ஹம்னெட், பதினொரு வயதுப் பாலகன், அதே ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி அடக்கஞ் செய்யப்பட்டிருந்தான். இருபது ஆண்டுகள் காத்திருந்து கேடயம் வந்தது. அதைத் தாங்கவேண்டிய கை பத்து வாரங்களுக்கு முன்பே மண்ணுக்குப் போய்விட்டது. பேர்த்தி எலிசபெத் 1670இல் இறந்ததோடு கவிஞரின் நேர்வழியும் முடிந்தது. ஸ்ராட்போர்ட் தேவாலயத்திலே, அவருடைய நினைவுச்சிலையின் மேலே, அந்த ஈட்டி இன்றும் இருக்கிறது.

நான் நாடு திரும்பிச் சில மாதங்களின் பின் அயலவரிடமிருந்து கடிதம் வந்தது. சின்னம் ஏற்கப்பட்டுவிட்டதாம். “முப்பது வருடம் என் சட்டையிலே ஓர் இலக்கம் இருந்தது, நான் ஓய்வு பெற்றதும் அது வேறொருவருக்குப் போயிற்று. இந்தச் சக்கரத்தை நான் இறந்த பின்னும் பதிவேட்டிலிருந்து எடுக்கமாட்டார்கள்” என்று எழுதியிருந்தார். கடித உறையின் மூலையிலே, வண்ணப் பேனாவால், கால் இல்லாத மூன்று குருவிகள்.

அந்த உறையை வைத்திருக்கிறேன்.