கொட்டியாரக் கரையின் வேடர்கள்

மங்கோலியாவின் வடகோடியில், குவ்ஸ்குல் ஏரிக்கு அப்பாலுள்ள குளிர்க்காடுகளில், டுக்கா என்றொரு சிறு இனம் வாழ்கிறது. பனிமான்களை வளர்ப்பதும், அவற்றின் பாலைக் கறந்து பருகுவதும், அவற்றின் மீதேறிப் பயணம் செய்வதும், மேய்ச்சல் தேடி ஆண்டில் பல தடவை கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு நகர்வதும் அவர்களது வாழ்க்கை. சில நூறு பேரே எஞ்சியுள்ள அவர்களைக் காண வெளிநாட்டார் குதிரையேறிக் காட்டுவழி செல்கிறார்கள். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோருக்காகச் சில குடும்பங்கள் கோடையில் மான்களுடன் ஏரிக்கரைக்கு இறங்கி வந்து காத்திருப்பதும் உண்டு. அங்குள்ள வெப்பம் பனிமானுக்கு ஒவ்வாது. ஆயினும் வந்தவர் படம் பிடிக்க வேண்டும். இருப்பவர் பிழைக்க வேண்டும்.

நேயர்களே, தொல்குடியொன்றைத் தேடிச் செல்லும் பயணி தான் காண விரும்பியதையே பெரும்பாலும் காண்கிறான். இது நம் நாட்டிலும் நடந்தது. நம் திருகோணமலைத் துறைமுகத்தின் எதிர்க்கரை மக்களையும் பாதித்தது. அதுபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1659ஆம் ஆண்டின் பிற்பகுதியில், புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. மறு ஆண்டு அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் வேடரைப் பற்றிய செய்தியொன்று உண்டு. அம்பு முனை தேவைப்படும் வேடன், வேண்டிய வடிவில் இலையொன்றை வெட்டி, இறைச்சியுடன் சேர்த்து இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வானாம். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடில் இருளில் அம்பு வரும். இந்தக் கதை ஐரோப்பியரை வெகுவாகக் கவர்ந்தது. வேடன் என்றால் காடு, வில், மறைந்து திரியும் வாழ்வு என்னும் சித்திரம் நூல்கள் வழியே நிலைபெற்றது. 1881இல் ஜேர்மன் அறிஞர் விர்ஷோ, இலங்கை மண்ணை மிதிக்காமலேயே, மண்டையோடுகளையும் பிறர் குறிப்புகளையும் கொண்டு வேடரைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

1907–08இல் செலிக்மன் என்னும் ஆய்வாளரும் அவர் மனைவி பிரெண்டாவும் நேரில் வந்தனர். 1911இல் கேம்பிறிட்ஜில் வெளிவந்த அவர்களது 'வேடர்கள்' என்னும் நூல் இன்றும் அடிப்படை நூலாகவே உள்ளது. சில இடங்களில், வெள்ளைக்காரர் வரும்போதெல்லாம் வில்லும் கோடரியுமாக அழைத்து வரப்பட்டு, வேடராக நின்று பழகிப்போன வேடரை அவர்கள் கண்டனர். கண்டதை மறைக்காமல் எழுதினர். ஏரிக்கரையில் பனிமானுடன் நிற்கும் டுக்கா குடும்பத்தை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அதே நூலில் கரையோர வேடருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் மீன்பிடித்து வாழ்பவர், தமிழ் பேசுபவர், தமிழரோடு கலந்தவர். ஆயின் நூலின் பெரும்பகுதி காட்டு வேடருக்கே உரியது. கரையோர வேடரின் சடங்குகளில் கடல் கடந்து வந்த கப்பல் தெய்வங்கள் அழைக்கப்படுவதை அது பதிவு செய்திருக்கிறது. காட்டிலிருந்து கடலுக்கு வந்த ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தெய்வத்தின் பெயரில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது எனலாம். ஆனால் கையில் வில் இல்லாதவனை வேடனென்று ஏற்கப் பின்வந்தோர் பலருக்கு மனம் வரவில்லை.

இதன் விளைவு குடிசன மதிப்பீட்டில் தெரியும். 1911இல் வேடர் 5,000க்கு மேல்; 1963இல் ஏறத்தாழ 400. அதற்குப் பின் நெடுங்காலம் அவர்களுக்குத் தனி நிரல் இருக்கவில்லை. இத்தனை பேரும் மாண்டுபோனார்களா? இல்லை. பலர் சிங்களவர் நிரலிலும், நம் கரையிலுள்ளோர் தமிழர் நிரலிலும் எழுதப்பட்டனர்.

மூதூரிலிருந்து சம்பூரைக் கடந்து கிழக்கே சென்றால் பாட்டாளிபுரம், நல்லூர், சந்தோசபுரம், இலக்கந்தை என்னும் ஊர்கள் வருகின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் திருகோணமலையிலிருந்து அங்கு போய்வருவது எளிதாயிற்று. நானும் சென்றிருக்கிறேன். தேன் எடுப்போரையும், களப்பில் வலை வீசுவோரையும், கூலி வேலைக்குப் போவோரையும் கண்டேன். 2004இல் கடல் பொங்கியதையும், 2006இல் சண்டை மூண்டு ஊரோடு ஓடியதையும் அவர்கள் சொன்னார்கள். ஒரு மூதாட்டியிடம் பழைய பாட்டு ஏதும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார், பாடவில்லை. பேரப்பிள்ளையைப் பள்ளியில் 'வேடன்' என்று மற்றப் பிள்ளைகள் பழிப்பதாகவும், அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

கண்ணப்ப நாயனாரைப் பாடமாகக் கற்பிக்கிறோம். வள்ளி வேடர் குலத்து மகள் என்று கந்தபுராணப் படிப்பில் உருகுகிறோம். அதே சொல் வகுப்பறையில் வசையாக விழுகிறது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இது எனக்குப் பெரும் துயரைத் தருகிறது. ஒரு குலப்பெயர் வசையாகிவிட்டால், பிள்ளை முதலில் மறைப்பது அந்தப் பெயரைத்தான். பெயர் மறைந்தால் பாட்டும் சடங்கும் அதன் பின்னால் போய்விடும்.

உள்நாட்டு வேடருக்கு வேறு வகையில் இழப்பு நேர்ந்தது. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, வேட்டையாடிய நிலமே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. தம்பானைத் தலைவர் திசகாமி குடிபெயர மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவரை நாடு அறியும். அவரைப் போன்றதொரு முகம் நம் கரையோர வேடருக்கு வாய்க்கவில்லை.

ஆகவே, அவ்வூர்களுக்குச் செல்லும் இளைஞருக்கு ஒன்று சொல்வேன். வில் எங்கே என்று கேளாதீர்கள். களப்பில் மீன்பாடு எப்படி, காணிக்கு உறுதி உண்டா, பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேளுங்கள். மனம் ஒப்பினால் பாட்டை அவர்களே பாடுவார்கள். அப்போது எழுதிக்கொள்ளுங்கள், பாடியவர் பெயரையும், அவர் சம்மதித்தால், சேர்த்தே எழுதுங்கள்.