சிறுகுறிப்பும் வரலாறே

1846 ஆகஸ்டுத் திங்களில் இலண்டன் ‘அதீனியம்’ இதழில் ஆம்புரோஸ் மெர்ட்டன் என்னும் புனைபெயரில் ஒரு மடல் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் ஜான் தாம்ஸ். ஊர்ப்புற வழக்கங்களும் நம்பிக்கைகளும் கதைப்பாடல்களும் அருகிவருகின்றன. எஞ்சியவற்றைத் திரட்ட இதழ் இடந்தர வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் ‘ஃபோக்லோர்’ என்னும் ஆங்கிலச் சொல் அம்மடலிலேதான் பிறந்தது. இதழும் இசைந்தது.

1849 நவம்பரில் ‘நோட்ஸ் அண்டு குவெரீஸ்’ என்னும் வார இதழை அவரே தொடங்கினார். அதற்கு நீண்ட ஆய்வுரை வேண்டுவதில்லை. ஊர்ப்பெயர் பற்றிய ஐயமோ, கல்லறை வாசகத்தின் படியோ போதும். ஒருவர் வினாவுக்கு வேறோர் ஊரார் விடையளித்தனர். பெருநூல் எழுத வாய்ப்பற்றோர் அறிந்தனவும் இவ்வாறே அச்சேறி நிலைத்தன. எழுதப்படாதவையோ அறிந்தவரோடு மறைந்தன.